அரபு மக்களும் செமிட்டிக் தானே, அவர்களை எப்படி 'ஆன்டி-செமிட்டிக்' என்று சொல்ல முடியும்?

சொல்ல முடியும். செமிட்டிக் என்பது ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர். ஆன்டி-செமிட்டிசம் என்பது யூதர்கள் மீதான வெறுப்புக்கு 19-ம் நூற்றாண்டு ஜெர்மனியில் நிலைத்துப்போன பெயர். ஆன்டி (எதிர்ப்பு), செமிட்டிக் என்று சொல்லைப் பிரித்து இந்தப் பெயருக்குப் பொருள் தேடினால் தவறான இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம்.

பெயரின் மூலம் பைபிள். நோவாவின் மகன்கள் சேம், காம், யாப்பேத். ஆதியாகமம் 10-ம் அதிகாரம் அன்றைக்குத் தெரிந்த மக்கள் கூட்டங்களை இந்த மூவரின் வாரிசுகளாகப் பங்கு பிரிக்கிறது. 1781-ல் ஷ்லோட்சர் என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியர் சேமின் பெயரை எடுத்து எபிரேயம், அரபு, அரமேயம் போன்ற மொழிகளுக்கு வைத்தார். அந்த வம்சாவளியும் மொழிகளும் ஒத்துப்போகின்றனவா என்றால், இல்லை. ஆதியாகமத்தில் கானான் காமின் மகன். கானானியர் பேசியதோ எபிரேயத்துக்கு மிக நெருங்கிய மொழி. ஏலாம் சேமின் மகன். ஏலாமிய மொழிக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லை.

மொழிகளுக்குள் இருக்கும் உறவு மட்டும் அசல். பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்களின் மேல் நிற்கும். க்-த்-ப் என்றால் எழுத்து தொடர்பானது. அரபியில் கிதாப் புத்தகம், காதிப் எழுதுபவர். நம் ஊர் முஸ்லிம் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போகும் மக்தபும் இதே வேர்தான். எபிரேயத்தில் மிக்தாவ் என்றால் கடிதம். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக், கத்தோலிக்கர்கள் நிறைந்த மால்டாவின் மால்டீஸ் எல்லாமே இந்தக் குடும்பம். இவர்கள் எல்லோரும் ஒரே இனம் என்று யார் சொல்வார்கள்?

சொன்னார்கள். 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ரெனான், செமிட்டிக் மக்கள் ஆரியரைவிடத் தாழ்ந்தவர்கள் என்று எழுதினார். மொழியின் பெயர் ஆளின் பெயராக மாறினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. 1860-ல் ஸ்டைன்ஷ்னைடர் என்ற யூத அறிஞர், ரெனானின் இந்தப் போக்கைக் கண்டிக்கத்தான் 'ஆன்டி-செமிட்டிக்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பிறகு 1879-ல் வில்ஹெல்ம் மார் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் அதைத் தன் கொடியாகவே தூக்கிக்கொண்டு, பெர்லினில் ஆன்டி-செமிட்டிக் சங்கம் தொடங்கினார். மதத்தைச் சொல்லி யூதர்களை வெறுப்பது பழைய பாணி. இனம் என்றால் அறிவியல் மாதிரி தெரியும், அவ்வளவுதான். அரபு மக்கள் அந்தச் சங்கத்தின் நினைப்பிலேயே இல்லை. ஹிட்லருக்கும் இதில் குழப்பம் இருக்கவில்லை: 1941 நவம்பரில் அரபு மதத் தலைவரான ஜெருசலேம் முஃப்தி அமீன் அல்-ஹுசைனியை பெர்லினில் வரவேற்றுப் பேசினார்.

ஆகவே, அரபு பேசுபவரோ வேறு யாரோ, யூதர் என்பதற்காகவே ஒருவரை வெறுத்தால் இந்தச் சொல் பொருந்தும். இஸ்ரேல் அரசின் ஒரு நடவடிக்கையைக் கண்டிப்பதாலேயே அது பொருந்திவிடாது. மனிதர்களை 'செமைட்' என்று அழைப்பது இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது; யூதர், அரபு மக்கள் என்றே சொல்லலாம். 'செமிட்டிசம்' என்று எதிர்ப்பதற்கு ஒன்று இருப்பது போலத் தோன்றக் கூடாது என்றுதான் அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் 2021-ல் ஆங்கிலச் சொல்லின் நடுவில் இருந்த சிறு கோட்டை (-) எடுத்துவிட்டது. தமிழில் எழுதும்போது நான் யூத வெறுப்பு என்றே எழுதுகிறேன். கோடும் வேண்டாம், சேமும் வேண்டாம்.