எரிச்சல் ஒன்றுபோலத் தோன்றும், மருந்து வேறு

கேள்வி: சென்ற மாதம் சிறுநீர்த் தொற்றுக்குத் தந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளில் நான்கு மீதமுள்ளன. இப்போது பிறப்புறுப்பில் கடும் அரிப்பும், திரிந்த பால்போல வெள்ளைப்படுதலும் இருக்கின்றன. அவற்றையே விழுங்கலாமா, டாக்டர்?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பெரும்பாலும் கேண்டிடா என்னும் பூஞ்சையால் வருபவை. ஆன்டிபயாடிக் பூஞ்சையைக் கொல்லாது. அதோடு, பிறப்புறுப்பில் அமிலத்தன்மையைக் காத்துவரும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்களையும் அழித்து, பூஞ்சை பெருக இடம் கொடுத்துவிடும். சென்ற மாத மாத்திரையே இந்த அரிப்புக்கு வழிவிட்டிருக்கவும் கூடும். பரிசோதனையில் பூஞ்சை என்று உறுதியானால், க்ளோட்ரிமசோல் மருந்தை உள்ளே வைப்பதோ, ஃபுளூக்கோனசோல் 150 மி.கி. ஒரே வேளை உட்கொள்வதோ வழக்கம். கர்ப்பிணியாக இருந்தால் ஃபுளூக்கோனசோல் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். (நான்கு மாத்திரை எப்படி மீந்தது என்பதையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.)

கேள்வி: மீன் நாற்றத்துடன் வெள்ளைப்பட்டது. மெட்ரோனிடசோல் 500 மி.கி. தினம் இருவேளை 7 நாள் எடுத்தேன். மூன்றே மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. என் சுத்தக்குறைவா?

பதில்: இல்லவே இல்லை. பாக்டீரியல் வஜினோசிஸ் என்ற இந்நிலையில், லாக்டோபேசில்லஸ் குறைந்து, ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் பெருகிவிடுகின்றன. மருந்து அவற்றைக் குறைத்தாலும் நல்ல பாக்டீரியாக்கள் மீண்டும் குடியேறாவிட்டால் பழைய நிலை திரும்பிவிடும். ஓராண்டுக்குள் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் ஆகிறது. சுத்தம் என்று நினைத்து உள்ளே பீய்ச்சிக் கழுவுவது நிலைமையை மோசமாக்கும். 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், ஆண் துணைவருக்கும் 7 நாள் மெட்ரோனிடசோல் மாத்திரையும் கிளிண்டமைசின் களிம்பும் கொடுத்தபோது, 12 வாரத்தில் பெண்களுக்குத் திரும்ப வந்தது 63 சதவீதத்திலிருந்து 35 ஆகக் குறைந்தது. அடுத்த முறை இருவருமாகச் சென்று மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

கேள்வி: சிறுநீர் எரிச்சலுக்கு நைட்ரோஃபுரான்டோயின் தொடங்கி இரண்டு நாளாகிறது. நேற்றிரவு முதல் குளிர்காய்ச்சலும் விலாப்புற வலியும் உள்ளன.

பதில்: இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்த மருந்து சிறுநீரில் நன்கு சேர்ந்து சிறுநீர்ப்பையில் வேலை செய்யும். சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. தொற்று சிறுநீரகம்வரை மேலேறியிருந்தால் வேறு ஆன்டிபயாடிக் தேவை, யூரின் கல்ச்சரும் (சிறுநீரில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 68 வயது. எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் யூரின் கல்ச்சரில் ஈ. கோலை என்னும் பாக்டீரியா வந்திருக்கிறது.

பதில்: அறிகுறி இல்லையென்றால் பொதுவாக மருந்து தேவையில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப்பாதையில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போரும் விதிவிலக்கு.