“பையன் ஏன் ஓரிடத்தில் நிற்க மாட்டேங்கான்?” வேலை, சம்பளம், பி.எஃப்.: கேள்வி பதில்

நெல்லை, தென்காசிப் பக்கத்துக் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கணக்குப் பார்ப்பது என் தொழில். அலுவலகம் பாளையங்கோட்டையில். முதலாளியும் என் மேஜைக்கு எதிரே உட்காருவார். அவரிடம் வேலையை விட்ட பையனும் அடுத்த வாரம் அதே நாற்காலியில் வந்து உட்காருவான். இளவட்டங்களின் வேலைப் போக்கைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

திருநெல்வேலி டவுன், ஜவுளிக்கடை உரிமையாளர்: அண்ணாச்சி, கடையில பையன்கள் மூணு மாசம் நிக்க மாட்டேங்கானுவ. சம்பளம் வாங்கின மறுநாள் போனை ஆஃப் பண்ணிருதான். நாங்கள்லாம் ஒரே கடையில பத்துப் பதினஞ்சு வருஷம் நின்னு தொழில் படிச்சவங்க. இந்தத் தலைமுறைக்கு என்னதான் கேடு?

கேடு ஒன்றும் இல்லை அண்ணாச்சி. நீங்கள் நின்ற அந்தப் பதினைந்து வருஷத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. ஊரிலிருந்து அரை டவுசரோடு கூட்டி வருவார்கள். சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே. சம்பளம் கைக்கு வராது, பேரேட்டில் ஏறும். தங்கச்சி கல்யாணத்துக்கு மொத்தமாக வரும். கடைசியில் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ தனிக்கடை போட முதலாளியே சரக்குக்கு ஜாமீன் நிற்பார். சென்னையில் நம்ம ஊர்க்காரர்களின் எத்தனையோ மளிகைக்கடைகள் அப்படி முளைத்தவைதான். அந்தக் கடைசிப் படி கண்ணுக்குத் தெரிந்ததால் நடுவில் வாங்கிய திட்டும் அடியும் பொறுக்க முடிந்தது. இன்று உங்கள் கடைப் பையனுக்கு அந்தப் படி உண்டா? இல்லையென்றால் அவன் எதை நம்பிப் பொறுப்பான்?

என்னிடம் வரும் பையன்கள் முதலில் சொல்லும் காரணம் சம்பளம் இல்லை. “நாள் முழுக்க நிக்க விடுதாவ”, “வாடிக்கையாளர் முன்னால வச்சு ஏசுதாவ”, “லீவு எந்தக் கிழமைன்னு முந்தின நாள் ராத்திரிதான் தெரியும்.” இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. நிற்பதைப் பற்றிச் சட்டமே இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று வைத்தார்கள். முக்காலி வாங்கிப் போட்ட கடைகளிலும் அதன்மேல் துணிப்பெட்டி அடுக்கியிருப்பதைப் பார்க்கிறேன். அதே சட்டத்தில், 1947இலிருந்தே, நாளைக்கு எட்டு மணி நேரம், வாரம் 48 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை என்று இருக்கிறது. காலை ஒன்பதரைக்குத் திறந்து ராத்திரி பத்துக்கு ஷட்டர் இறக்கும் கடையில் ஒரே பையனை வைத்து இந்தக் கணக்கு எப்படிச் சரிவரும்?

போன் ஆஃப் செய்வது தப்புதான், மறுக்கவில்லை. ஒரு முதலாளி தன் போனைக் காட்டினார். காலை 6.40க்கு ஒரு குரல்பதிவு: “மொதலாளி, இன்னைலேருந்து வரல. சாவி கல்லாப்பெட்டி மேல இருக்கு. கோவிச்சுக்கிடாதீங்க.” அவ்வளவுதான் ராஜினாமா. அவருக்கு அது அவமானம். பையனிடம் கேட்டால், “நேர்ல சொன்னா அப்பாவுக்குப் போன் போட்டுருவாவ” என்கிறான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

வாராந்திர லீவை மாத ஆரம்பத்திலேயே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வேலைக்குச் சேரும்போது சம்பளம், நேரம், லீவு எழுதிய ஒரு தாளைக் கையில் கொடுங்கள். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயம். எல்லாப் பையனும் நின்றுவிடுவான் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேர் சொல்லிவிட்டாவது போவான்.

விக்கிரமசிங்கபுரம், ஓய்வு பெற்ற மில் தொழிலாளி: நான் ஒரே மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். என் மகன் டிப்ளமோ முடித்து கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் நாலு வருஷத்தில் மூன்று கம்பெனி மாறிவிட்டான். பெண் கேட்டுப் போனால் முதல் கேள்வியே இதுதான். அவனுக்கு நீங்கள் புத்தி சொல்ல வேண்டும்.

புத்தி சொல்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள் பெரியவரே. மகனின் சம்பளச் சீட்டை வாங்கி, மேலே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனி பெயரா, கான்ட்ராக்டர் பெயரா? அவன் மாட்டியிருக்கும் அடையாள அட்டையில் எந்த நிறக் கயிறு? பல ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறம், கான்ட்ராக்ட் ஆளுக்கு வேறு நிறம். கேன்டீன் வரிசையில் நிற்கும்போதே யார் யார் என்று தெரிந்துவிடும். மகன் கான்ட்ராக்ட் கயிறு என்றால் அவன் கம்பெனி மாறவே இல்லை. எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதுதான் நடந்தது. பதினோரு மாதம் முடிந்ததும் கணக்கை முடித்து, ஒரு வாரம் கழித்துப் புதிதாகச் சேர்ப்பதுபோல் காட்டும் வேலைகூட நடக்கிறது.

உங்களுக்கு மில் என்ன கொடுத்தது? நிரந்தர வேலை, போனஸ், குவார்ட்டர்ஸ், விலகும்போது மொத்தமாகத் தரும் கிராஜுவிட்டி, தட்டிக் கேட்க ஒரு சங்கம். அதற்குப் பதிலாக நீங்கள் ஆயுசைக் கொடுத்தீர்கள். முதல் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டு, இரண்டாம் பாதியை மட்டும் பையனிடம் கேட்டால் எப்படி? விசுவாசம் முதலில் எந்தப் பக்கம் குறைந்தது என்று என் ரிஜிஸ்டர்களைப் புரட்டினாலே தெரிகிறது.

இன்னொன்று. அந்தக் காலத்து ஆட்கள் பணிந்து கிடந்தார்கள் என்பதும் சரியில்லை. தூத்துக்குடி அன்றைக்கு நம்ம திருநெல்வேலி ஜில்லாதான். 1908 பிப்ரவரி 27இல் அங்கே கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டதில் ஒன்று வாராந்திர விடுமுறை. கூட நின்ற வ.உ.சி.க்கு வயது 35. சுப்பிரமணிய சிவாவுக்கு 23. மேலதிகாரி ஞாயிற்றுக்கிழமை போன் போடுகிறார் என்று குறைப்படுகிற பையனும் அதையேதான் கேட்கிறான். வித்தியாசம் என்னவென்றால், அன்றைக்குச் சேர்ந்து நின்று கேட்டார்கள். இவன் தனியாக எழுந்து போகிறான். 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்ததே, அது இந்தக் காலத்தில் விதிவிலக்கு. நம்ம பக்கம் இப்போது ராஜினாமாதான் ஒற்றை ஆள் வேலைநிறுத்தம்.

பெண் வீட்டாரிடம் கம்பெனிப் பெயரைச் சொல்லாதீர்கள். என்ன மெஷின் ஓட்டுகிறான், சம்பளம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

கங்கைகொண்டான், வயது 25: ஒவ்வொரு தடவை வேலை மாறும்போதும் பி.எஃப். பணத்தை எடுத்துவிடுகிறேன். என் பணம்தானே, என்ன தப்பு?

இந்த இடத்தில்தான் தம்பி எனக்கு உங்கள் செட்டுமேல் கோபம் வரும். கம்பெனி மாறுவதில் ஒரு குறையும் காணவில்லை. மாறும்போது பி.எஃப்.ஐ வழித்து எடுத்து பைக்குக்கு முன்பணம் கட்டுகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

கணக்கைப் பார். உன் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் உன்னிடம் பிடிக்கிறார்கள். முதலாளியும் 12 போடுகிறார். அவர் போடுவதில் 8.33 சதவீதம் பென்ஷன் பக்கம் போகிறது. அதற்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு என்பதால் மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் போகாது. அந்தப் பென்ஷன் கிடைக்கப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். ஒரே கம்பெனியில் பத்து வருஷம் என்று யாரும் கேட்கவில்லை. ஐந்து கம்பெனியில் இரண்டிரண்டு வருஷம் பார்த்தாலும், ஒரே யு.ஏ.என். எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத உன் பி.எஃப். எண்) மாற்றிக்கொண்டே வந்தால் சர்வீஸ் சேர்ந்துவிடும். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். ஐந்து வருஷம் ஆகாமல் எடுத்தால் வருமான வரியும் குறுக்கே வரலாம்.

பழைய கம்பெனி நீ விலகிய தேதியைப் போடாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபிறகு ஆதார் ஓ.டி.பி. வைத்து நீயே போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஆதாரில் உள்ள போன் எண் உன்னிடம் இருக்க வேண்டும். சிம்மை மாற்றிவிட்டு என் அலுவலக வாசலில் நிற்காதே.

கிராஜுவிட்டியையும் மறக்காதே. ஒரே கம்பெனியில் ஐந்து வருஷம் முடித்தால் கடைசி அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி சேர்த்து, அதை 15/26ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். 18,000 ரூபாய் வாங்குகிறவர் ஆறு வருஷத்தில் விலகினால் சுமார் 62,300 ரூபாய். நாலே முக்கால் வருஷத்தில் கோபப்பட்டு எழுதிக் கொடுக்க வருகிறவர்களிடம் நான் சொல்வது: காலண்டரைப் பார்த்துக் கோபப்படு. ஐந்தாம் வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு.

தென்காசி அருகே, மென்பொருள் ஊழியர்: அண்ணா, கொரோனா காலத்திலிருந்து வீட்டிலிருந்தே வேலை. இப்போது பெங்களூருக்கு வா என்கிறார்கள். விட்டுவிடலாம் என்றால், சேரும்போது கையெழுத்துப் போட்ட பாண்டை (குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) காட்டுகிறார்கள். என் ஒரிஜினல் சான்றிதழும் அவர்களிடம் இருக்கிறது.

பாண்ட் என்றாலே செல்லாது என்று யாராவது யூடியூபில் சொன்னால் நம்பாதே தங்கச்சி. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையைச் சரி என்றது. ஆனால் அது பொதுத்துறை வங்கி. திரும்ப ஆள் எடுக்கத் தேர்வு, விளம்பரம் என்று செலவு உண்டு என்பதையும் நீதிமன்றம் பார்த்தது. ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம். எழுதிய தொகை அதற்கு உச்சம், அவ்வளவே. இரண்டு வாரம் ஜூமில் பாடம் நடத்திவிட்டு மூன்று லட்சம் கேட்டால், எதற்கு என்ன செலவு என்று கணக்குக் கேள்.

சான்றிதழ் வேறு விஷயம். அது உன் சொத்து. பாண்டோடு சேர்த்துப் பேசாமல், முதலில் அதை மட்டும் திருப்பிக் கேட்டு மெயில் போடு, பிறகு பதிவுத் தபால். பெரும்பாலும் அந்தத் தபாலிலேயே வந்துவிடும்.

வேலையை விடுவது பற்றி: பெங்களூர் வாடகை, முன்பணம், மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் செலவு மூன்றையும் கழித்து எழுதிப் பார். மத்தளம்பாறையில் சோகோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011இலேயே அலுவலகம் போட்டதைப் பார்த்து, தென்காசிப் பக்கம் இருந்துகொண்டே மென்பொருள் வேலை பார்க்கலாம் என்ற எண்ணம் நம்ம பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மாதிரி இடம் ஊருக்கு ஊர் இல்லை. அடுத்த வேலை கையில் வராமல் எழுதிக் கொடுக்காதே.

முக்கூடல், பீடித் தொழிலாளி: மகள் பி.காம். படிக்கா. பீடி சுத்தப் படிக்க மாட்டேங்கா. திருப்பூருக்கும் போக மாட்டாளாம். இவ்வளவு கௌரவம் பார்த்தா எப்படிய்யா?

கௌரவம் பார்க்கட்டும் அக்கா. மடியில் சொளவை வைத்துக் குனிந்தே உட்கார்ந்து ஆயிரம் பீடி சுற்றினால் கழுத்தும் கண்ணும் என்னவாகும் என்று உங்களைப் பார்த்துத்தான் அவள் படித்திருக்கிறாள். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. உங்கள் பி.எஃப். கணக்கில் உங்கள் பெயரும் ஆதாரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. உங்கள் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையையும் பாருங்கள், அது சரியாக இருந்தால்தான் உதவித்தொகை அவளுக்குக் கிடைக்கும்.

ஆலங்குளம், அரிசி ஆலை: உள்ளூர்ப் பையன் வரமாட்டேங்கான், வடக்கேயிருந்து வந்தவன்தான் வேலை பார்க்கான். அவனைப் பார்த்தாவது இவன் திருந்த வேண்டாமா?

அவனும் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு, கூடக் கொடுக்கும் ஆலையில்தான் இறங்குகிறான். விசாரித்துப் பாருங்கள்.

பாளையங்கோட்டை, வயது 28: குரூப் 4, குரூப் 2 என்று சில வருஷமாகப் படிக்கிறேன். தனியார் வேலைக்குப் போனால் தோற்றுவிட்டதாக வீட்டில் நினைப்பார்கள். வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று முதலாளிகளே சொல்லும்போது தனியாருக்குப் போகப் பயமாகவும் இருக்கிறது.

70 என்று 2023இல் நாராயணமூர்த்தி சொன்னார். 90 என்று 2025இல் எல் அண்ட் டி தலைவர் சொன்னார். சட்டத்தில் வாரத்துக்கு 48தான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். ஆக, சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

அரசு வேலை என்றால் பழைய பென்ஷன் என்று உங்கள் அப்பா நினைத்துக்கொண்டிருந்தால், 2003 ஏப்ரல் 1இலிருந்து சேர்ந்தவர்களை வேறு திட்டத்தில் போட்டுவிட்டார்கள் என்று சொல்லுங்கள். படிப்பை விட வேண்டாம். ஆனால் இன்னும் எத்தனை தேர்வு என்று எண்ணிக்கையைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, நடுவில் பகல்நேர வேலை ஒன்றில் சேருங்கள். ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கும் அலுவலகங்களில் டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) தெரிந்த ஆளுக்கு எப்போதும் தேவை இருக்கிறது.

வள்ளியூர், தனியார் நிறுவன ஊழியர்: புதுக் கம்பெனி பதினைந்து நாளில் சேரச் சொல்கிறது. பழைய கம்பெனி இரண்டு மாத நோட்டீஸ் கேட்கிறது. சொல்லாமல் போய்விடலாமா?

வேண்டாம். நியமனக் கடிதத்தில் “நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம்” என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குறையும் நாளுக்குப் பணம் கட்டி விலகலாம். அந்தத் தொகையைத் தருகிறீர்களா என்று புதுக் கம்பெனியிடமே கேளுங்கள், பலர் தருகிறார்கள். ராஜினாமாவை மெயிலில் போடுங்கள், வாய்ச்சொல் வேண்டாம். மேலதிகாரியைப் பற்றி அதில் ஒரு வரிகூட வேண்டாம். சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 (சம்பளத்தில் வருமான வரி பிடித்ததற்கான சான்று) எல்லாவற்றையும் கம்பெனி லாகினை மூடுவதற்குள் இறக்கிக்கொள்ளுங்கள். புதிய சட்டப்படி விலகியவருக்கான சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளில் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் வரவில்லையென்றால் அதே மெயிலுக்குக் கீழே நினைவூட்டுங்கள். ரிலீவிங் கடிதம் கைக்கு வரும்வரை லேப்டாப்பை ஒப்படைத்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.