ஆல்பம் அட்டையில் நிலத்தின் வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்தின் ராக் இசைக்குழுவான யூ2-வின் ‘தி ஜோஷுவா ட்ரீ’ ஆல்பத்தின் அட்டையை நீங்கள் மிகவும் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நான்கு பேர் ஓரமாக நிற்கிறார்கள், பின்னால் வறண்ட மேடு. இதற்குப் பாலைவனம் வரை போகத்தான் வேண்டுமா? ஸ்டுடியோவில் எடுத்துப் பின்னணியை ஒட்டினால் போதாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. அந்த ஆல்பத்துக்குப் பெயர் கிடைத்ததே அங்கே போனதால்தான். 1986 டிசம்பரில் குழுவினர் புகைப்படக்காரர் ஆன்டன் கோர்பைனுடன் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்குக் கிளம்பியபோது, ‘இரண்டு அமெரிக்காக்கள்’ என்பதுபோன்ற தலைப்புகள்தான் அவர்கள் யோசனையில் இருந்தன. அங்கே வளரும் ஜோஷுவா மரங்களைப் பற்றி ஒரு மாலை கோர்பைன் சொல்ல, மறுநாளே பாடகர் போனோ அதையே தலைப்பாக்கிவிட்டார். பெரும்பாலும் கூட்டமாக வளரும் மரம் அது. டார்வின் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள். அந்தப் படம் அட்டையின் உள்பக்கத்தில் இருக்கிறது. (ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் போய்த் தேடாதீர்கள். அது வெகு தொலைவு. மரமும் 2000 வாக்கில் விழுந்துவிட்டது.)

நீங்கள் சொல்லும் முகப்புப் படம் அதே பாலைவனப் பகுதியில் உள்ள டெத் வேலியின் ஸாப்ரிஸ்கி பாயிண்டில் எடுத்தது. அன்றைக்குக் கடுங்குளிர். பாலைவனமாகத் தெரிய வேண்டுமே என்று கோட்டைக் கழற்றிவிட்டு நின்றார்களாம். முகம் அப்படி இறுகியிருக்க அதுவும் ஒரு காரணம் என்று போனோவே சொல்லியிருக்கிறார். அகலப்படக் கேமரா கோர்பைனுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. ஃபோகஸ் பின்னால் விழுந்து, நால்வரும் லேசாக மங்கிவிட்டார்கள். நிலம் தெளிவாகவும் மனிதர்கள் மங்கலாகவும் இருப்பதுதான் அந்தப் படத்தின் பலம் என்பேன். ஸ்டுடியோவில் இப்படி ஒரு தவறு நடக்கவே வாய்ப்பில்லை.

சரி, ஒட்டுவேலை செய்த அட்டையே இல்லையா? இருக்கிறது, அற்புதமான ஒன்று. பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் ஜெப்லினின் ‘ஹவுசஸ் ஆஃப் தி ஹோலி’ (1973). பாறைகளின் மேல் குழந்தைகள் ஏறிச்செல்லும் படம். வட அயர்லாந்தின் ஜயண்ட்ஸ் காஸ்வே என்ற பாறைக் கடற்கரையில், ஆல்பம் அட்டைகளை வடிவமைத்த ஹிப்னாசிஸ் நிறுவனத்தின் ஆப்ரி பவல் எடுத்தது. விடாத மழை. கறுப்பு வெள்ளையில் எடுத்து, இரண்டே குழந்தைகளின் படங்களைப் பலமுறை ஒட்டி, கையால் வண்ணம் தீட்டினார்கள். அந்த ஆரஞ்சு வானம் அங்கே இருக்கவில்லை. ஆனால் பாறை நிஜம். சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கி, விரிசல் விட்டு உண்டான சுமார் 40,000 தூண்கள். எந்தக் கல்லில் கை ஊன்றுவது, எங்கே முதுகை வளைப்பது என்று அந்தக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தத் தூண்கள்தான்.