தோற்ற அன்று எந்த வண்டியில் வந்தீர்கள்?

கேள்வி: சென்னையில் ஒரு கால்பந்து கிளப்புக்கு நான் தலைமைப் பயிற்சியாளர். வயது 47. இந்த சீசனில் 9 ஆட்டத்தில் 7 தோல்வி, ஒரு டிரா, ஒரே ஒரு வெற்றி. கோல் போட நான் கேட்ட ஸ்ட்ரைக்கரை நிர்வாகம் எடுத்துத் தரவில்லை. மைதானம் வாரத்துக்கு மூன்று நாள்தான், அதுவும் காலை 6 மணிக்கு. பையன்களில் பாதிப் பேர் ராத்திரி டெலிவரி வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள். இரண்டு ஆட்டத்தில் ரெஃப்ரி அநியாயம் செய்தார். போன வாரம் கடைசி நிமிடத்தில், பின்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் பையன் கோட்டை விட்டதால் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல நான் செயலாளரின் காரில் கிளம்பிவிட்டேன், பையன்களை உதவிப் பயிற்சியாளர் வேனில் கூட்டி வந்தார். மறுநாள் கமிட்டியில் "கோச்தான் பொறுப்பு" என்று பேசியிருக்கிறார்கள். "எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருங்கள்" என்கிறாள் மனைவி. பதினோரு பேர் விளையாடித் தோற்றதற்கு நான் ஒருவன் எப்படிப் பொறுப்பாவேன்?

பதில்:

தம்பி, ஸ்ட்ரைக்கர், மைதானம், ரெஃப்ரி எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டேன். இந்தப் பட்டியல் எனக்குப் புதிதில்லை. பள்ளித் தலைமையாசிரியர் எழுதுவார், ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் எழுதுவார், பெண்டாட்டி பிள்ளைகளைக் கடனில் தள்ளிய குடும்பத் தலைவர் எழுதுவார். சாமான்களின் பெயர்தான் மாறும். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே வார்த்தை: 'வழக்கம்போல'.

அப்படியென்றால் ஏழு தோல்விக்கும் ஏழு முறை காரில் ஏறியிருக்கிறீர்கள். அந்த ஒரு வெற்றியன்று எதில் திரும்பினீர்கள் என்று எழுதவில்லை. நான் சொல்லட்டுமா? வேனில். கூச்சலும் பாட்டுமாக, நடுவில் நீங்கள். இல்லை என்றால் மறுத்து எழுதுங்கள், அடுத்த இதழிலேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்தக் காரில் என்ன பேசியிருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். "இவனுங்களை வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது?" ஏழு வாரம் அதையே கேட்ட செயலாளர் எட்டாவது வாரம் கமிட்டியில் உங்களைக் கைகாட்டுகிறார். எதற்கு வருத்தம்? பழியை அடுத்தவன் தலையில் இறக்கிவைப்பது எப்படி என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே.

ரெஃப்ரி விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூன் 11, தோஹா. கத்தாரோடு இந்தியா. எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்து கோல் போட்டார்கள், அதையும் கொடுத்தார்கள். 2-1 என்று தோற்றோம், உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் மேலே போக முடியவில்லை. அநியாயம்தான், நானும் டிவி முன்னால் கத்தினேன். ஆனால் அதே தகுதிச்சுற்றில், அந்த ஆண்டு மார்ச்சில் ஆப்கானிஸ்தானோடு ஒரு ஆட்டம் 0-0, அடுத்தது குவாஹாட்டியில் நம் சொந்த மண்ணில் 2-1 தோல்வி. ஜூன் 6 கொல்கத்தாவில், கேப்டன் சேத்ரி ஓய்வு என்று சொல்லி விடைபெற்ற ஆட்டத்தில், குவைத்தோடு 0-0. அந்த மூன்றில் ஒழுங்காக ஜெயித்திருந்தால் தோஹாவில் எந்த ரெஃப்ரி எப்படி விசில் ஊதினால் என்ன? இந்திய அணியின் கோச் ஸ்டிமாச்சை அந்த மாதமே வேலையை விட்டு அனுப்பினார்கள். கால்பந்து சம்மேளனத்தின் மேல் அவர் சொன்ன குறைகளில் சிலது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் குறைகளிலும்தான். அதனால் என்ன?

எனக்குப் பந்து தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நான் வியாசர்பாடிக்காரி. என் அண்ணன் ஒரு கிளப்பில் ஸ்டாப்பராக இருந்தான். ஒருநாள் இவன் காலில் பட்டுத்தான் பந்து உள்ளே போனது, கோப்பை கையை விட்டுப் போச்சு. சாக்ஸில் சேறு காயாமல் வீட்டுக்கு வந்தவன் பின்னாலேயே அவன் கோச்சும் வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். "நான் நிக்கச் சொன்ன இடத்துலதாம்மா நின்னான். தப்பு என்னது. திட்டாதீங்க" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கொடுத்த நீர்மோரைக் குடித்துவிட்டுப் போனார். உண்மையில் தப்பு அண்ணனுடையதுதான், அவனே பிற்பாடு ஒத்துக்கொண்டான். ஆனால் அடுத்த மூன்று வருஷம் அந்த மனுஷன் சொன்னால் சுவரில்கூடப் போய் மோதுவான்.

உங்கள் ஸ்டாப்பருக்கு வருவோம். கடைசி நிமிடத்தில் கோட்டை விட்டான் என்கிறீர்கள். முந்தின ராத்திரி அவன் டெலிவரிக்குப் போனானா? எத்தனை மணிக்குப் படுத்தான், என்ன சாப்பிட்டான்? தூங்காத கால் எழுபதாவது நிமிடத்திலேயே கனக்க ஆரம்பிக்கும், இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவனைத் தொண்ணூறு நிமிடமும் நிறுத்தியது யார்? பெஞ்சில் ஆள் இருந்தும் மாற்றாதது யார்? ஏழு தோல்வியில் வாங்கிய கோல்களைத் தாளில் எழுதி, கடைசிக் கால் மணி நேரத்தில் விழுந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் இருந்தால், பதினோரு பேர் தோற்கவில்லை, உங்கள் திட்டம் தோற்றிருக்கிறது. அசந்து வருகிற பையன்களை மைதானம் முழுக்க ஓடவிடாமல், பின்னால் இறங்கி நின்று ஆட வைப்பதும், ஹாஃப் டைமிலேயே ஆள் மாற்றுவதும் கோச்சின் வேலை. செயலாளரிடம் ஸ்ட்ரைக்கர் கேட்கிற வாயால் காலையில் இரண்டு முட்டையும் வாழைப்பழமும் கேளுங்கள்.

ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு ஆறு மணிக்கு ஷூ கட்டிக்கொண்டு வந்து நிற்பவனை உங்கள் கஷ்டங்களில் ஒன்றாக எழுதியிருக்கிறீர்களே, எழுதும்போது கை கூசவில்லையா? எனக்குப் படிக்கவே கூசியது.

ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து இந்திய அணிக்குக் கோச் ஆன ரஹீம் சாகிப்பைத் தெரியாமல் இருக்க மாட்டீர்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 வாங்கியது அவர் அணி, பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதே மனிதர்தான் 1956 மெல்போர்னில் நான்காம் இடம் வரை கொண்டுபோனார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டமே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல், கோல்கீப்பர் தங்கராஜுக்குக் காய்ச்சல், ஸ்டேடியம் முழுக்க நமக்கு எதிரான கூச்சல். பட்டியல் போட அவருக்கு இல்லாத காரணமா? ஜர்னைலை முன்னால் தள்ளி ஃபார்வர்டாக்கினார், இறுதி ஆட்டத்தில் தங்கராஜையே கோலில் நிறுத்தினார். அதே கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம். ஒரு கோல் ஜர்னைலுடையது. ரஹீம் அப்போதே நோயாளி, அடுத்த ஆண்டு புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார்.

நன்றாக ஆட வைத்தாலும் நிர்வாகம் உங்களைத் தூக்கலாம். 2016-ல் இங்கிலாந்தில் லெஸ்டர் கிளப்பை சாம்பியன் ஆக்கிய கோச் ரனியேரியை ஒன்பதே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அது அவர்கள் பாடு. நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள். சீசன் நடுவில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் ராஜினாமா இல்லை. உங்கள் மனைவி கேட்பதும் அது இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏழு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்ததில் அலுத்துப் போயிருக்கிறாள். அவளிடமும் ரெஃப்ரி கதைதானே சொன்னீர்கள்?

அடுத்த ஆட்டம் முடிந்ததும் வேனில் ஏறுங்கள். முன் சீட்டு வேண்டாம். பேச்சும் வேண்டாம், பேச்சு அவர்களுக்கு நிறையக் கிடைத்துவிட்டது. அதற்கு முன்னால், போன வாரம் அந்த ஸ்டாப்பர் பையன் எந்த சீட்டில் உட்கார்ந்து வந்தான், பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று உதவிப் பயிற்சியாளரைக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.