எம்.எஸ்சி. கணிதம் படித்தால் இன்ஜினீயரிங்கில் என்ன சம்பளம்?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. பயன்பாட்டுக் கணிதம் கடைசி வருடம் படிக்கிறாள். உறவினர்கள் பி.எட். சேர்க்கச் சொல்கிறார்கள். அவளுக்கு இன்ஜினீயரிங் நிறுவனத்தில் சேர ஆசை. பி.இ. படித்தவர்கள் அளவுக்குச் சம்பளம் வருமா? – வாசகர், கரூர்

பதில்: வரும். ஆனால் எந்த வேலை என்பதைப் பொறுத்தது.

அரசுப் பக்கம் கணக்கு தெளிவு. மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் 'சயின்டிஸ்ட் பி' என்ற தொடக்க நிலை விஞ்ஞானி பதவிக்குக் கணிதக்காரர்களையும் எடுக்கிறார்கள். முதல் வகுப்பு எம்.எஸ்சி., எம்.டெக். சேர்க்கைக்கும் பயன்படும் தேசிய அளவிலான கேட் தேர்வில் கணிதத் தாள் மதிப்பெண் இரண்டும் வேண்டும். அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். பெருநகரத்தில் படிகள் சேர்த்தால் மாதம் ஏறக்குறைய ஒரு லட்சம். பக்கத்து மேஜை பி.இ.க்காரருக்கும் இதேதான். அடுத்த படியான 'சி'யில் அடிப்படை 67,700. என்ன, இடங்கள் கொஞ்சம்தான்.

தனியாரில்தான் குழப்பம். அங்கே 'கணிதவியலாளர்' என்று யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. சிமுலேஷன் (கணினியில் மாதிரி வைத்துச் சோதிப்பது), கன்ட்ரோல்ஸ் (இயந்திரக் கட்டுப்பாடு), ஆப்டிமைசேஷன் (சிறந்த தீர்வைத் தேடுவது) என்றுதான் தேட வேண்டும். சிமுலேஷனிலேயே இரண்டு வகை உண்டு. மென்பொருளை வைத்து ஒரு பாகம் எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்ப்பது ஒன்று. அதற்கு மெக்கானிக்கல் படித்தவரைத்தான் விரும்புவார்கள். உங்கள் மகள் போனால் குறைந்த சம்பளத்தில் ஆரம்பிக்க நேரும். இன்னொன்று, அந்த மென்பொருளுக்குள் சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலான சால்வரை எழுதுவது. லட்சக்கணக்கான சமன்பாடுகளைத் தீர்க்கும்போது விடை ஏன் ஒரு மதிப்பை நெருங்கி நிற்கவில்லை (கன்வெர்ஜ் ஆகவில்லை) என்று கண்டுபிடிக்க, கணினியில் தோராய விடை காணும் கணிதமான நியூமரிகல் அனாலிசிஸ் தெரிந்தவர்தான் வேண்டும். இத்தகைய மென்பொருள் தயாரிக்கும் ஆன்சிஸ், மேத்வொர்க்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு இந்தியாவிலும் அலுவலகங்கள் உண்டு. இந்த வேலைக்குக் கிடைப்பது சாஃப்ட்வேர் துறைச் சம்பளம். என்னைக் கேட்டால் இதைத்தான் குறிவைக்கச் சொல்வேன். அதற்கு சி++ நிரல்மொழி சரளமாக வர வேண்டும்.

நம் கல்லூரிகளில் எம்.எஸ்சி. புராஜெக்ட் என்றாலே ஃபஸி டோபாலஜி, கிராஃப் லேபிளிங் என்று ஓடுகிறார்கள். பாடமாக அதில் குறையில்லை, ஆனால் இந்த வேலைகளுக்கான இன்டர்வியூவில் அதை வைத்துப் பேச ஒன்றும் இருக்காது. வெப்பச் சமன்பாட்டுக்கு ஃபைனைட் எலிமென்ட் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) நிரல் ஒன்றைத் தானே எழுதிப் புராஜெக்டாகக் கொடுக்கட்டும்.

சில நிறுவனங்கள் பி.இ., பி.டெக். இல்லாத விண்ணப்பத்தைப் பார்ப்பதே இல்லை. அதற்கு ஒரு வழி எம்.டெக். படிப்பது. சென்னை ஐஐடியின் கணிதத் துறையிலேயே 'இண்டஸ்ட்ரியல் மேத்தமேட்டிக்ஸ் அண்ட் சயின்டிஃபிக் கம்ப்யூட்டிங்' என்ற எம்.டெக். இருக்கிறது. கேட் வழியாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. வீட்டிலிருந்து கொஞ்சம் பணம் அனுப்ப வேண்டியிருக்கும்.

கடைசி வருடத்தில் இருக்கும்போதே கேட் எழுதலாம், மதிப்பெண் 3 வருடம் செல்லும். அதை முதலில் எழுதட்டும். பி.எட். பேச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.