265 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சேலம் – சென்னை ஆகாய தூரம் ஓர் இடத்தில் 280 கி.மீ. என்றும், இன்னோர் இடத்தில் 265 என்றும் இருக்கிறது. எது சரி? மணிக்கு 500 கி.மீ. வேகமுள்ள விமானத்துக்கு டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறார்களே, ஏன்?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: இரண்டுமே சரி. சேலம் பேருந்து நிலையத்திலிருந்து சென்னை சென்ட்ரலுக்குக் கோடு போட்டால் 280 வரும். விமானம் ஏறுவதோ ஓமலூர் பக்கத்துக் காமலாபுரத்தில், இறங்குவது மீனம்பாக்கத்தில். அந்தக் கோடு சுமார் 265 தான். ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகச் சாலையில் போனால் 340-ஐத் தொடும்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்தை விட்டு விமானம் நகர்ந்த நிமிடத்திலிருந்து, சென்னையில் போய் நிற்கும் வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கிய பிறகு ஊர்ந்து வருவது, முன்னால் இறங்கும் விமானங்களுக்காகச் சுற்றிக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். காமலாபுரத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான். அதனால் இங்கே வருவது ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம். அது 500 கி.மீ. வேகத்தை எட்டுவது மேலே ஏறி முடித்த பிறகுதான். இவ்வளவு குறுகிய தூரத்தில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். முழு வேகத்தில் பறக்க அவகாசம் ஏது?

வீட்டில் கணக்குப் போட ஒரு வழி: தூரத்தை வேகத்தால் வகுத்து, அரை மணி கூட்டுங்கள். ஏடிஆருக்கு 500, ஜெட்டுக்கு 850 என்று வையுங்கள். சென்னைக்கு 32 நிமிடம், கூட 30. ஒரு மணி வந்துவிட்டது. ஹைதராபாத் 605 கி.மீ.; ஒன்றே முக்கால் மணி. எதிர்க்காற்று அடித்தால் இன்னும் சில நிமிடம் கூடும்.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து கிளம்பினால் எவ்வளவு முன்னதாகப் புறப்பட வேண்டும்?
– வாசகி, ஏற்காடு

பதில்: உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்கும் கவுன்ட்டர் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடிவிடும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கவே ஒரு மணி, அங்கிருந்து காமலாபுரத்துக்கு முக்கால் மணி. மூன்றரை மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். மூடுபனியோ மழையோ இருந்தால் நாலு. சென்னை வேலைக்கு மட்டும் என்றால், சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறுவது பல நாட்களில் புத்திசாலித்தனம்.

கேள்வி: சென்னையில் காலை 10 மணிக்கு ஏறினால் சிங்கப்பூரில் மாலை 5 மணி போல இறக்குகிறார்கள். 7 மணி நேரப் பயணமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: இல்லை. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் ஏறும் நேரம் நம் ஊர்க் கணக்கு, இறங்கும் நேரம் அந்த ஊர்க் கணக்கு. கழித்தால் நாலரை மணிதான். திரும்பி வரும்போது அந்த இரண்டரையைக் கூட்ட வேண்டும்.