தூக்கி நிற்கும் கருவியை நம்பாதீர்கள்: டிராக்டர் கருவிகள் பற்றிய கேள்வி பதில்

டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் கருவிகளைப் பற்றிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: டிராக்டரின் ஹைட்ராலிக் கை (எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் கை) கருவியைத் தூக்கத்தான், தாங்கி நிற்க அல்ல. தாங்க வேண்டியது தரை.

கேள்வி (ஒரத்தநாடு): அண்ணே, புதிதாக 6 அடி ரோட்டவேட்டர் (சுழலும் பிளேடால் மண்ணைக் கிளறும் கருவி) வாங்கியிருக்கிறோம். தனி ஆளாக மாட்டுவதற்குள் உயிர் போகிறது. எந்தப் பக்கம் முதலில் மாட்ட வேண்டும்?

பதில்: கருவியைப் பிடிக்கும் கைகள்தான் லிங்க்: கீழே இரண்டு, மேலே ஒன்று. இடது கீழ் லிங்க், அப்புறம் வலது கீழ் லிங்க், கடைசியில் மேலே இருக்கும் டாப் லிங்க். காரணம் இருக்கிறது தம்பி. பெரும்பாலான வண்டிகளில் இடது கை நிலையானது, வலது கையில்தான் ஏற்றி இறக்கும் கைப்பிடி இருக்கிறது. இடதை வண்டியை நகர்த்தித்தான் பொருத்த முடியும். வலதைக் கைப்பிடி சுற்றியே சரியான உயரத்துக்குக் கொண்டுவரலாம். வலதை முதலில் மாட்டிவிட்டு இடதோடு மல்லுக்கட்டுவதால்தான் கடப்பாறை போட்டு நெம்ப வேண்டியிருக்கிறது. 6 அடி ரோட்டவேட்டர் ஏறக்குறைய 400 கிலோ, சில மாடல் அதற்கும் மேல். நெம்பும்போது சரிந்தால் உங்களால் பிடிக்க முடியாது.

ஹைட்ராலிக்கை பொசிஷன் லீவரில் (கையை வைத்த உயரத்திலேயே நிறுத்துவது) வைத்து ரிவர்ஸ் வாருங்கள். டிராஃப்ட் லீவரில் (இழுவைக்கு ஏற்ப உயரத்தை மாற்றுவது) இருந்தால் கை திடீரென்று ஏறும், இறங்கும். மூன்று பின்னும் போட்டு லாக் பின் மாட்டிய பிறகு எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டுப் பிடிஓ ஷாப்ட்டை (எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு) மாட்டுங்கள். பட்டனை அழுத்தித் தள்ளினால் 'டக்' என்று உட்காரும். அதோடு விடாமல் பின்னால் ஒரு இழு இழுத்துப் பாருங்கள். பாதி உட்கார்ந்த ஷாப்ட் ஓட்டத்தில் கழன்று அடிக்கும்.

புது ஷாப்ட் உங்கள் வண்டிக்கு நீளமாக இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பிடிஓவைப் போடாமல், கருவியைத் தூக்கி இறக்கி, எந்த உயரத்தில் ஷாப்ட் மிகக் குட்டையாகிறது என்று பாருங்கள். அந்த இடத்திலும் உள்குழாய் முட்டாமல் ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். முட்டினால் கிராஸ் (ஷாப்ட் மூட்டில் இருக்கும் சிலுவை வடிவ இணைப்பு) போகும், பிடிஓ பேரிங்கும் போகும். கிராஸைப் பிடிக்கும் இரண்டு முனை யோக்கும் (கவை வடிவப் பிடி) ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றிப் போட்டால் வண்டியே உதறும்.

கேள்வி (ஆத்தூர்): ஒன்பது கலப்பையை (ஒன்பது கொழு உள்ள கலப்பை) மாட்டினால் கீழ் பின் கண்ணில் லொடலொட என்று ஆடுகிறது.

பதில்: பின் 22 மி.மீ., லிங்க் கண் 28 மி.மீ. என்று நினைக்கிறேன், அளந்து பாருங்கள். இடைவெளியை அடைக்கும் புஷ் (இரும்பு வளையம்) போட்டால் சரியாகிவிடும். பின்னுக்குப் பதில் போல்ட், லாக் பின்னுக்குப் பதில் ஆணி, கட்டுக்கம்பி எல்லாம் வேண்டாம்.

கேள்வி (மன்னார்குடி): மானியத்தில் ரோட்டவேட்டர் எப்படி வாங்குவது ஐயா?

பதில்: வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டிக்கும் கருவிக்கும் நடுவில் ஒரு ஆள் நின்று லிங்க்கைப் பிடித்துக் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிகிறது. எல்லாரும் இப்படித்தானே செய்கிறோம்?

பதில்: எல்லாரும் செய்வதுதான் பயமே. அந்த ஆள் நிற்கும் இடத்தைப் பாருங்கள்: முதுகுக்குப் பின்னால் கருவி, முன்னால் டயர், இரண்டு பக்கமும் லிங்க். ஒதுங்க ஓர் அடி இடமில்லை. சேற்றுக் கால் கிளட்சில் வழுக்கினால் போதும்.

அதே கேட்டவர்: இருபது வருஷம் வண்டி ஓட்டும் டிரைவர் வைத்திருக்கிறேன். கிளட்ச் அவர் சொன்னபடி கேட்கும்.

பதில்: அவர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை அண்ணா. கிளட்ச் கேபிள் அறுவதும் செருப்பு மாட்டிக்கொள்வதும் அனுபவம் பார்த்து நடப்பதில்லை. நசுங்குவது டிரைவர் இல்லை, தினக்கூலிக்கு வந்த பையன்.

இன்னொருவர் (சீர்காழி): தரை சமமில்லாத களத்தில் தனி ஆள் என்ன செய்வார்? டிரைவர் பத்து தடவை ஏறி இறங்க முடியுமா?

பதில்: இது நியாயமான கேள்வி. ஆள் இருக்கட்டும், நிற்கும் இடம் மாறட்டும். பின் டயருக்கு வெளியே, டிரைவர் கண்ணில் படும்படி பக்கவாட்டில் நின்று கையால் சைகை காட்டட்டும். வண்டி நின்று, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, டிரைவர் 'வா' என்ற பிறகுதான் உள்ளே. இன்னும் நகர வேண்டுமென்றால் ஆள் முதலில் வெளியே, அப்புறம் வண்டி. இதற்கு ஐந்து நிமிஷம் ஆகும், ஆகட்டும். களத்தில் ஒரு மூலையைச் சமப்படுத்தி சிமென்ட் போட்டுவிட்டால் அந்த ஐந்து நிமிஷமும் குறையும். கருவியை எப்போதும் அங்கேயே, ஒரே திசை பார்த்து இறக்குங்கள். சில வண்டிகளில் கீழ் லிங்க் நுனி இழுத்தால் நீளும்படி வருகிறது, அது இருந்தால் நாலு அங்குலம் தள்ளி நிறுத்தினாலும் மாட்டிவிடலாம்.

திருத்துறைப்பூண்டிக்காரர்: சரி, சைகைக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுவடை அவசரத்தில் யாரும் செய்ய மாட்டார்கள்.

பதில்: முதலாளி நீங்கள் சொன்னால் செய்வார்கள்.

கேள்வி (பண்ருட்டி): ராத்திரி கருவியைத் தூக்கியே நிறுத்துகிறோம். காலையிலும் அப்படியே இருக்கிறது. எங்கள் வண்டி ஹைட்ராலிக் அவ்வளவு டைட்.

பதில்: சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் எண்ணெய்தான் அதைத் தாங்குகிறது. சீல் லேசாகக் கசிந்தால் மெல்ல இறங்கும். லீவரைத் தட்டினால் எஞ்சின் ஓடாவிட்டாலும் பொத்தென்று விழும். சீட்டில் ஏறி விளையாடும் பிள்ளைக்கு அந்த லீவர் கைக்கெட்டும் உயரம். இறக்கிவிட்டுப் போங்கள்.

கேள்வி (கோபி): மழைக்காலத்தில் சட்டிக் கலப்பை (வட்டத் தட்டுகளால் உழும் கலப்பை), ஒன்பது கலப்பையை எப்படி வைப்பது?

பதில்: சட்டிக் கலப்பை தானாக நிற்காது. சுவரில், தென்னையில் சாய்த்து வைக்காதீர்கள். அடியில் கனமான பலகை கொடுத்து, ஸ்டாண்ட் போட்டு, தள்ளிப் பார்த்து அசையவில்லை என்றால்தான் பின்னைக் கழற்ற வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் வைத்து முட்டுக் கொடுக்காதீர்கள், பாரம் ஒரு முனையில் விழுந்தால் உடைந்துவிடும். எந்தக் கருவியானாலும் கழற்றும்போது, பிடிஓ ஷாப்ட் இருந்தால் அது முதலில், அப்புறம் டாப் லிங்க், வலது, இடது. டாப் லிங்க் இறுகி நின்றால் சுத்தியல் எடுக்காதீர்கள், டாப் லிங்க்கையே சுற்றி நீளத்தைக் கூட்டிக் குறைத்தால் பின் தானே தளரும். மண்ணைக் கழுவிக் காயவைத்து, கொழு, சட்டியில் கழிவு ஆயில் தடவுங்கள். பிடிஓ ஷாப்ட்டைத் தரையில் போடாமல் மாட்டி வையுங்கள், மண் புகுந்தால் குழாய் நகராது. கோழி, பிள்ளைகள் நடமாடும் பாதையில் எதுவும் வேண்டாம்.

கேள்வி (அரூர்): ரோட்டவேட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு பிளேடு மாற்றலாமா?

பதில்: பண்ருட்டிக்குச் சொன்னதைப் படியுங்கள். கூடாது. இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்து, அதன்மேல் இறக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி (வேப்பந்தட்டை): ஜாக்கி இல்லை. தூக்கி நிறுத்தி கீழே படுத்து கியர் ஆயில் பார்க்கலாம் இல்லையா?

பதில்: கூடாது. டிப்பர் தொட்டிக்கும் இதே பதில்தான், யாரும் தனியாகக் கேட்க வேண்டாம்.

கேள்வி (திண்டிவனம்): பிடிஓ கவர் உடைந்துவிட்டது. கவர் இல்லாமல் ஓட்டினால் என்ன?

பதில்: பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. 7 செ.மீ. தடிமன் ஷாப்ட்டில் நுனி மாட்டினால் ஒரு நொடியில் ஏறக்குறைய 2 மீட்டர் துணி சுற்றிவிடும். நாலு முழ வேட்டி மொத்தமே அவ்வளவுதான். 'ஐயோ' என்று கத்தி டிரைவர் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். கவர் வாங்கி மாட்டுங்கள். அதுவரை பிடிஓ வேலையே வேண்டாம். கவர் இருந்தாலும் வேட்டி, துண்டு, சேலை முந்தானை, விரித்த முடியோடு பக்கத்தில் யாரும் போகக்கூடாது.

கேள்வி (நன்னிலம்): சேற்றில் சிக்கிய வண்டியை இன்னொரு வண்டியின் டாப் லிங்க் பிராக்கெட்டில் சங்கிலி கட்டி இழுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இழுக்கும் இடம் பின் அச்சுக்கு மேலே இருந்தால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு வண்டி டிரைவர் மேலேயே மல்லாக்கக் கவிழும். கிளட்சை மிதிக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது. அச்சுக்குக் கீழே இருக்கும் டிராபாரில் (இழுவைக் கம்பி) மட்டும் கட்டுங்கள்.

கேள்வி (செய்யாறு): கிராஸுக்கு எப்போது கிரீஸ் அடிப்பது?

பதில்: தினமும், வேலைக்கு இறங்கும் முன். எஞ்சினை அணைத்துவிட்டு.